ரே மிஸ்டீரியோவின் உச்சம்: பறந்த ஆண்டுகளா, பட்டம் பெற்ற ஆண்டா?

நைட்ரோநேயன் எழுதியது:

2006இல் டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தின் ராயல் ரம்பிள் (முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக நுழையும் ஆட்டம்) வெற்றி, அதே ஆண்டு அதன் முதன்மை நிகழ்ச்சியான ரெசில்மேனியாவில் உலகச் சாம்பியன் பட்டம், 2023இல் அதன் புகழ்பெற்றோர் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேம் என்று அடுக்கிவிட்டு, முகமூடி மல்யுத்த வீரர் ரே மிஸ்டீரியோவின் உச்சம் 2006தான் என்று தீர்ப்பு எழுதும் பதிவுகள் இங்கே அடிக்கடி வருகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெற்றி தோல்வியை நிறுவனமே முன்கூட்டி எழுதும் இந்தத் தொழிலில், ஒரு மல்யுத்த வீரர் தன் கலையில் எட்டிய உயரமும், நிறுவனம் அவருக்குக் கொடுத்த உயரமும் ஒன்றல்ல என்பதே என் வாதம்.

1974 டிசம்பரில் கலிபோர்னியாவின் சூலா விஸ்டாவில் பிறந்த ஆஸ்கர் குட்டியரஸ், எல்லைக்கு அப்பால் உள்ள திஹுவானாவில் தன் மாமா ரே மிஸ்டீரியோ சீனியரிடம் பயிற்சி பெற்று, 1989இல் 14 வயதிலேயே மேடை ஏறினார். தொடக்கத்தில் பச்சைப் பல்லி, தேன்சிட்டு என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர்களில் ஆடியவருக்கு, மாமா தன் பெயரையே பின்னாளில் கொடுத்தார். 1990களின் முற்பாதியில் மெக்சிகோவின் ட்ரிபிள் ஏ நிறுவனத்தில் சைக்கோசிஸுடன் அவர் தொடர்ந்து மோதினார். அந்த மோதலை 1995 செப்டம்பரில் அப்படியே அமெரிக்காவின் ஈசிடபிள்யூ நிறுவன மேடைக்குக் கொண்டுசென்றபோது அமெரிக்க ரசிகர்கள் அதுவரை பார்த்திராத ஒன்றைப் பார்த்தார்கள். 1996 ஜூனில் பால்டிமோரில் நடந்த கிரேட் அமெரிக்கன் பாஷ் நிகழ்ச்சியில் டீன் மலெங்கோவுக்கு எதிராக, டபிள்யூடபிள்யூஇக்குப் போட்டியாக இருந்த டபிள்யூசிடபிள்யூ நிறுவனத்தில் அறிமுகமானார். அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார்; ஆயினும் மறுநாள் பேச்செல்லாம் அவரைப் பற்றியே இருந்தது. ஜூலை 8 அன்று அந்நிறுவனத்தின் வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான நைட்ரோவில் அதே மலெங்கோவிடமிருந்து க்ரூஸர்வெயிட் (எடை குறைந்தோர்) பட்டத்தைக் கைப்பற்றினார்.

1997 அக்டோபர் 26 அன்று லாஸ் வேகாஸில் நடந்த ஹாலோவீன் ஹேவக்கில் எடி கெரேரோவின் பட்டமும் ரேயின் முகமூடியும் பந்தயப் பொருள்களாக இருந்தன. மேல் கயிற்றில் பாய்ந்தேறி, பின்னோக்கிக் கரணமடித்து, இறங்கும்போதே எடியின் தலையைப் பிடித்து, அதைத் தரையில் மோதவைக்கும் டிடிடியாக முடித்த அந்த ஒரு நொடிக்கு இணையானது 2006இல் எங்கே இருக்கிறது? 1998 தொடக்கத்தில் முழங்கால் காயத்தால் அவர் ஏறக்குறைய அரை ஆண்டு விலகினார். அதற்குப் பிறகு நாம் பார்த்தது வேறொரு ரே. அவர் நல்லவர்தான், ஆனால் வேறொருவர்.

---

ட்ரம்ப்கார்டு எழுதியது:

நண்பரே, தங்கள் வாதம் ஒளிநாடா சேகரித்தவர்களின் வாதம். டென் ஸ்போர்ட்ஸில் டபிள்யூடபிள்யூஇயின் வாராந்திர ஸ்மாக்டவுன் பார்த்து வளர்ந்த எங்களுக்கு ரே என்றால் 619 என்ற அவருடைய முத்திரைத் தாக்குதல்தான். 1996 நைட்ரோவை நாங்கள் பின்னர் இணையத்தில் தேடித்தான் பார்த்தோம்.

2006 ரம்பிளைத் தாங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். ட்ரிபிள் எச் முதலாவதாக நுழைந்த ஆட்டத்தில் இரண்டாவதாக நுழைந்து, 62 நிமிடங்கள் தாக்குப்பிடித்து, கடைசியில் அதே ட்ரிபிள் எச்சையும் பிறகு ராண்டி ஆர்டனையும் வெளியேற்றி வென்றார். முப்பது பேர் ஆடும் வழக்கமான ரம்பிளில் அந்த நேரச் சாதனையை 2023இல் குந்தர்தான் முறியடித்தார். அறிவிப்பின்படி ஐந்தடி ஆறங்குல உயரமுள்ள ஒருவருக்கு நிறுவனம் இதைக் கொடுத்தது என்றால், அவர் ஏற்கெனவே பெற்றிருந்த ஆதரவைத் தவிர்க்க முடியவில்லை என்றுதானே பொருள்? நிறுவனம் கொடுத்த உயரத்தையும் வீரர் ஈட்டிய உயரத்தையும் அவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடியாது.

---

பிசியோ_மதுரை எழுதியது:

இருவரும் உயரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் தொழில்முறையில் முழங்கால்களைப் பார்ப்பவன் என்பதால் எனக்கு இறங்குவதுதான் கண்ணில் படுகிறது.

பறந்தாடும் பாணியில் பாய்வது ஆபத்து என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உடலைத் தேய்ப்பது தரையிறக்கம். கயிற்றிலிருந்து வெளியே தாவி எதிராளியின் மேல் விழும்போது எடையில் ஒரு பகுதியை அவர் வாங்கிக்கொள்வார். மிச்சம் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போகும். காலை ஊன்றியபடி உடல் திரும்பும்போது முன்குறுக்குத் தசைநார் கிழிகிறது. ரேயின் வாழ்க்கை வரலாற்றை முழங்கால் அறுவைச் சிகிச்சைகளை வைத்தே எழுதிவிடலாம் போலிருக்கிறது: 1998இல் விலகல், 2006 அக்டோபரில் சாவோ கெரேரோவிடம் தோற்கவைத்து அனுப்பியதிலிருந்து மறு ஆகஸ்டு வரை விலகல், 2011 ஆகஸ்டில் தொடங்கி 2012 ஜூலை வரை மீண்டும் விலகல். இடையில் 2008இல் கைத்தசைக் கிழிவு வேறு.

இந்தப் பின்னணியில் 619ஐப் பாருங்கள். எதிராளி நடுக்கயிற்றில் சாய்ந்து கிடக்கிறார். ரே ஓடிவந்து கயிறுகளைப் பற்றி, உடலை இடையில் செலுத்திச் சுழன்று, இரு கால்களாலும் முகத்தைத் தாக்கிவிட்டு மீண்டும் மேடையிலேயே நிற்கிறார். அசைவின் மூலம் ஜப்பானில் 1980களின் தொடக்கத்தில் டைகர் மாஸ்க் காட்டிய ஏமாற்றுப் பாய்ச்சல். வெளியே தாவுவதுபோல் போக்குக் காட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்துத் திரும்பிவிடுவார். அந்த ஏமாற்றையே ரே தாக்குதலாக மாற்றி, தன் ஊரான சான் டியேகோ பகுதியின் தொலைபேசிக் குறியீட்டு எண்ணைப் பெயராக வைத்தார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த அசைவில் அவர் எங்கும் விழுவதில்லை. எடை முழுவதும் கைகளிலும் கயிற்றிலும் தொங்குகிறது. பார்ப்பவருக்குப் பறப்பதுபோல் தோன்றும். முழங்காலுக்கோ அது ஏறக்குறைய ஓய்வு நேரம்.

பறப்பதன் தோற்றத்தைக் காப்பாற்றிக்கொண்டு பறப்பதன் விலையைக் குறைத்ததால்தான் அவர் ஐம்பது வயது வரை ஆட முடிந்தது. எனவே உச்சம் என்பது 1997இல் முடிந்துபோனதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே உடல் இருந்தது; கணக்கு பின்னால் வந்தது.

---

திஹுவானா_தெற்கு எழுதியது:

பிசியோ அவர்கள் இறங்குவதைப் பற்றிச் சொன்னார். நான் தாங்குபவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இழையில் இதுவரை ரே தனியாகவே ஆடியதுபோல் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள்.

ஹரிக்கேன்ரானாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரே எதிராளியின் தோளில் ஏறி, கால்களால் கழுத்தைப் பற்றிப் பின்னோக்கிச் சாய்கிறார். ரேயின் எடைக்கு நூறு கிலோவுக்கும் மேற்பட்ட ஒருவர் தானாகத் தூக்கி எறியப்பட மாட்டார். சரியான நொடியில் தலையைச் செருகி அவரே கரணமடிக்க வேண்டும். அரை நொடி முந்தினால் பொய்யாகத் தெரியும்; பிந்தினால் இருவரில் ஒருவருக்குக் கழுத்து போகும். இந்த வேலையை உலகிலேயே மிகச் சிறப்பாகச் செய்தவர்களில் ஒருவர் சைக்கோசிஸ். அவரும் அதே மாமாவிடம் அதே ஊரில் பயின்றவர். ரேயின் ஒவ்வொரு பாய்ச்சலும் எங்கே வந்து சேரும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான், மற்றவர்களிடம் முயலத் துணியாதவற்றை ரே அவரிடம் முயன்றார். ஈசிடபிள்யூவுக்கு இருவரையும் சேர்த்தே அழைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மலெங்கோவின் பங்கு முற்றிலும் வேறு. அவர் தரைப்பிடிகளின் ஆள். பால்டிமோர் ஆட்டத்தில் நீண்ட நேரம் ரேயின் கையை முறுக்கிப் பிடித்து அவரைத் தரையிலேயே வைத்திருந்தார். அதனால்தான் ரே விடுபட்டுப் பாயும் ஒவ்வொரு முறையும் அரங்கம் எழுந்தது. இடைவிடாமல் பறந்துகொண்டே இருப்பவரைப் பார்க்கச் சிறிது நேரத்தில் அலுத்துவிடும். பறக்கவிடாமல் தடுக்க ஒருவர் வேண்டும்.

எடியிடம் இந்த இரண்டும் இருந்தன. அவர் தாங்கவும் தெரிந்தவர், தடுக்கவும் தெரிந்தவர். ஹாலோவீன் ஹேவக்கில் அவர் அடிக்கடி ரேயின் முகமூடியைப் பிய்ப்பதைக் கவனியுங்கள். ஆட்டம் முழுவதும் பந்தயம் எதைப் பற்றியது என்று மறக்கவிடாமல் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். முடிவில் மேல் கயிற்றிலிருந்து ரேயை அவர் கீழே அறைய முயலும்போது, ரே அதையே ஹரிக்கேன்ரானாவாகத் திருப்பி அப்படியே பின்ஃபால் எடுக்கிறார், அதாவது தோள்களைத் தரையில் அழுத்திப் பிடித்து வெல்கிறார். அந்த உயரத்திலிருந்து முதுகு தரையில் பட விழுந்தவர் எடி. புகழ் ரேக்கு வந்தது. அந்தத் தொழிலின் வழக்கம் அது.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். மெக்சிகோவில் பிடிகளை உடலின் வலப்பக்கத்தில் போடுவது மரபு, அமெரிக்காவில் இடப்பக்கத்தில். அங்கே பழகியவர் இங்கே வந்தால் கண்ணாடியில் பார்த்து எழுதுவதுபோல் எல்லாவற்றையும் மாற்றிப் போட வேண்டும். மேலும் டபிள்யூசிடபிள்யூ மேடையில் கயிறு என்று நாம் சொல்வது ரப்பர் குழாய் சுற்றிய எஃகு வடம்; டபிள்யூடபிள்யூஇ மேடையில் நாடா சுற்றிய உண்மையான கயிறு. கயிற்றில் கால் வைத்து எழும்பி வாழ்பவருக்கு இது சிறிய மாற்றமல்ல. 2002இல் டபிள்யூடபிள்யூஇயில் சேர்ந்தபோது அவர் இந்த மாற்றத்துக்கும் பழக வேண்டியிருந்தது.

---

நைட்ரோநேயன் எழுதியது:

திஹுவானா அவர்கள் எழுதியது என் வாதத்தையே வலுப்படுத்துகிறது: சைக்கோசிஸும் மலெங்கோவும் எடியும் ஹுவெந்துட் கெரேராவும் ஒரே காலத்தில் சுற்றியிருந்ததால்தான் 1995 முதல் 1997 வரையிலான காலம் திரும்பி வரவே இல்லை.

டபிள்யூசிடபிள்யூ அந்தக் காலத்தை என்ன செய்தது என்பதையும் சேர்த்துக்கொள்வோம். 1996 ஜூலையில் கெவின் நாஷ் அவரைத் தூக்கி ஒரு வண்டியின் பக்கவாட்டில் அம்புபோல் எறிந்த காட்சி இன்றும் சுற்றுகிறது. பெரிய உடல்களுக்கும் சிறிய உடல்களுக்கும் இடையில் அங்கே இருந்த வரிசைமுறையை அது ஒரே வீச்சில் சொல்லிவிட்டது. 1999 பிப்ரவரியில் ஓக்லாண்டில் நடந்த சூப்பர்ப்ராலில் நாஷ், ஸ்காட் ஹால் இணையிடம் ரேயும் கோனனும் தோற்றதால் ரே முகமூடியைக் கழற்ற நேர்ந்தது. மெக்சிகோவில் முகமூடியை இழப்பது ஒருவரின் வாழ்நாளில் ஒரே முறை நடப்பது. ஆண்டுக்கணக்கில் வளர்த்த பகையின் முடிவில், நிரம்பிய அரங்கின் நடுவில் நடப்பது. இங்கே எதிரணியின் பந்தயப் பொருள் மிஸ் எலிசபெத்தின் தலைமுடி. அதன் பிறகு நாஷையும் வேறு சில பெரிய உடல்களையும் அவர் வெல்லும்படி கதை அமைத்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் விலையை முதலிலேயே வாங்கிவிட்டார்கள்.

---

மூன்றாம்_கயிறு எழுதியது:

நான் இந்த இழையைத் தொடக்கத்திலிருந்தே படித்து வருகிறேன். 2006ஐ உச்சம் என்பவர்களிடம் ஒரு கேள்வி: அந்தப் பட்டக் காலத்தை முழுமையாகப் பார்த்திருக்கிறீர்களா?

ரம்பிளை வென்றவருக்கு ரெசில்மேனியா வாய்ப்பு இயல்பாகவே கிடைக்க வேண்டும். அதை ஆர்டனிடம் தோற்கவைத்துப் பறித்து, பிறகு கருணையின் பேரில் மீண்டும் கொடுத்தார்கள். ரெசில்மேனியா 22இல் கர்ட் ஆங்கிள், ஆர்டன், ரே ஆகிய மூவரின் பட்ட ஆட்டம் பத்து நிமிடங்கள்கூட ஓடவில்லை. 2005 நவம்பரில் காலமான எடியின் பெயரைச் சண்டையைத் தூண்டும் வசனமாக ஆர்டன் வாயில் வைத்ததை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. துக்கத்தைக் கதையாக்கலாம், ஆனால் அந்த எழுத்தில் துக்கம் இல்லை. பட்டம் கையில் வந்த பிறகு மார்க் ஹென்றியிடம் நசுங்கினார், நம் இந்திய வீரர் கிரேட் காளியிடம் நசுங்கினார். ஜூலையில், நண்பராக இருந்த சாவோ கெரேரோவின் துரோகத்தால் புக்கர் என்ற வீரரிடம் பட்டத்தை இழந்தார். இதே காலத்தில் வேறு எந்த உலகச் சாம்பியனையாவது இப்படி வாரந்தோறும் அடிபடவைத்திருப்பார்களா?

ஆனால் இதிலிருந்து நான் நைட்ரோநேயனின் முடிவுக்கு வரவில்லை. அந்தக் காளி ஆட்டத்தை மீண்டும் பாருங்கள். காளி அதிகம் நகரத் தெரியாதவர். அவர் கை பட்டவுடன் ரே எப்படிச் சரிகிறார், எவ்வளவு தொலைவு போய் விழுகிறார், எழ முயன்று எப்படி மீண்டும் மடிகிறார் என்று கவனித்தால், அந்த ஆட்டத்தின் பயங்கரம் முழுவதையும் தயாரித்தவர் ரேதான் என்பது விளங்கும். 1996இல் சைக்கோசிஸ் ரேக்குச் செய்ததை, 2006இல் ரே மற்றவர்களுக்குச் செய்துகொண்டிருந்தார். பறப்பதை இளைஞர்கள் பலர் கற்றுக்கொண்டார்கள். இன்று ரேயைவிட அதிகமாகச் சுழல்பவர்கள் உண்டு. அடி வாங்குவதில் அவரை எட்டியவர்கள் மிகச் சிலரே.

---

ட்ரம்ப்கார்டு எழுதியது:

பட்டக் காலத்தை மோசமாக எழுதினார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன், மறுக்க வழியில்லை. 2011 ஜூலையில் தி மிஸ் என்ற வீரரை வென்று டபிள்யூடபிள்யூஇ சாம்பியனாகி, அதே இரவில் ஜான் சீனாவிடம் இழக்கவைத்ததும் இதே கணக்கில்தான் சேரும்.

இருந்தாலும் அந்த ஆண்டுகளில் அரங்கின் முன்வரிசைகளில் முகமூடி அணிந்த குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். நுழைவு இசையின்போது ரே தடுப்பு வேலியருகே போய் அந்த முகமூடிகளில் நெற்றியை வைத்துவிட்டுத்தான் மேடை ஏறுவார். க்ரூஸர்வெயிட் பட்டம் அவருக்கு இதைக் கொடுக்கவில்லை.

---

திஹுவானா_தெற்கு எழுதியது:

மூன்றாம்_கயிறு எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இது பேசக் கடினமானது. ஆனால் தவிர்த்தால் இந்த இழை நேர்மையாக இருக்காது.

2015 மார்ச் 20 அன்று, திஹுவானாவில் ரேயும் பெர்ரோ அகுவாயோ ஜூனியரும் எதிரெதிர் அணிகளில் ஆடினார்கள். ரேயின் டிராப்கிக் (எகிறி இரு கால்களாலும் உதைப்பது) முதுகில் பட, பெர்ரோ கயிற்றை நோக்கி விழுந்தார். வழக்கம்போல் 619க்கான நிலையில் நடுக்கயிற்றில் சாய்ந்தார். ஆனால் அவர் அப்போதே நினைவிழந்திருந்தார். மற்றவர்கள் சிறிது நேரம் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள், ஏனென்றால் கயிற்றில் அசையாமல் கிடப்பதுதான் அந்த நிலையில் ஒருவர் செய்ய வேண்டிய நடிப்பு. மருத்துவ உதவி தாமதமானது அப்போதே விமர்சிக்கப்பட்டது. கழுத்தெலும்பு முறிவால் அவர் இறந்தார். அது ஆயிரம் முறை செய்யப்பட்ட சாதாரண டிராப்கிக். மேல் கயிற்றிலிருந்து பாய்ந்த ஒன்றுகூட அல்ல. ரேயைக் குறைகூற அங்கே எதுவும் இல்லை.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம், தாங்குபவர் தாங்குவார் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்தப் பாணி முழுவதும் நிற்கிறது என்பதே. அன்று பெர்ரோவின் விழுகை ஓர் அங்குலம் தப்பியது. பாய்ச்சல்களின் உயரத்தை மட்டும் அளந்து உச்சத்தைத் தீர்மானிக்கும்போது இந்தப் பக்கம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

---

பிசியோ_மதுரை எழுதியது:

திஹுவானா அவர்களுக்கு நன்றி. நடிப்புக்கும் காயத்துக்கும் வேறுபாடு தெரியாத சூழலில் உதவி தாமதமாவது இந்தத் தொழிலின் மிகப் பெரிய ஆபத்து. நடுவர் வீரரின் கையை அழுத்திப் பார்ப்பதும், அவர் பதிலுக்கு அழுத்துகிறாரா என்று கவனிப்பதும் இதற்காகவே உள்ள ஏற்பாடு.

---

மூன்றாம்_கயிறு எழுதியது:

உச்சத்துக்கு என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன்: 2022 செப்டம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை.

2005இல் எடியுடனான கதையில், யார் உண்மையான தந்தை என்ற வழக்கின் நடுவில் நிறுத்தப்பட்ட எட்டு வயதுச் சிறுவன், ரேயின் மகன் டொமினிக். 2020இல் அவரே மல்யுத்த வீரராக அறிமுகமாகி, 2021இல் தந்தையுடன் இணைச் சாம்பியனானார். அந்த நிறுவனத்தில் தந்தையும் மகனும் சேர்ந்து பட்டம் வென்றது அதுவே முதல் முறை. 2022இல் கார்டிஃபில் மகன் தந்தையைத் தாக்கினார். அடுத்த ஏழு மாதங்கள் ரேயின் வேலை அடிக்காமல் இருப்பது. மகன் எல்லோர் முன்னிலையிலும் அவமதிக்கிறார். தந்தை கையை ஓங்கிவிட்டுத் தாழ்த்துகிறார். கயிறும் இல்லை, கரணமும் இல்லை. ரெசில்மேனியா 39இல் இருவரும் மோதியபோது, ஹால் ஆஃப் ஃபேமில் முந்தைய இரவு சேர்க்கப்பட்டிருந்த 48 வயதுக்காரர், தன் பறத்தல்களைக் குறைவாகவே செலவழித்து ஓர் அரங்கத்தையே கையில் வைத்திருந்தார். டொமினிக் இன்று பெரிய பெயராக இருப்பதற்கு அந்த ஏழு மாதங்களே அடித்தளம்.

---

நைட்ரோநேயன் எழுதியது:

நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் எனக்கு அது சிறந்த நடிகரின் உச்சம்; பறந்தாடியவரின் உச்சம் அல்ல. இந்த வேறுபாட்டை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. பிசியோ சொன்ன கணக்கு 1998க்குப் பிறகு வந்தது உண்மை, ஆனால் கணக்குப் போடத் தேவையில்லாத காலம் ஒன்று இருந்தது. அதைத்தான் நான் உச்சம் என்கிறேன். அந்தக் கணக்கும் எல்லாக் காலத்துக்கும் காப்பாற்றவில்லை: 2025 ஏப்ரலில் ரெசில்மேனியாவுக்கு முந்தைய இரவு ஸ்மாக்டவுனில் காயம் பட்டு, மறுநாள் ஆட்டத்துக்கு அவருக்குப் பதில் ரே ஃபீனிக்ஸ் இறங்க வேண்டியதாயிற்று.

எதைப் பார்த்துத் தொடங்குவது என்று தனிமடலில் சிலர் கேட்டிருக்கிறார்கள். முதலில் பால்டிமோரில் மலெங்கோ, 1996. அடுத்து ஹாலோவீன் ஹேவக், 1997. பிறகு நேராக 2002 சம்மர்ஸ்லாமில் கர்ட் ஆங்கிளுடனான தொடக்க ஆட்டத்துக்குப் போங்கள். பத்து நிமிடங்களுக்கும் குறைவான அந்த ஆட்டத்தில் நடுவரின் தலைக்கு மேலாக வெளியே பாய்வதைப் பார்க்கலாம், தோல்வியும் அவருக்கே. 2006க்கு ரம்பிள் மட்டும் போதும். மூன்றாம்_கயிறின் பரிந்துரைப்படி காளி ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். 1999 முதல் 2001 வரையிலான முகமூடி இல்லாத ரேயை, இவை எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகும் ஆர்வம் மிஞ்சியிருந்தால் மட்டும் தேடுங்கள்.